களிமண்ணில் ஒரு பூசணிக்காய்

சான் ஹோசேயில் என் சிநேகிதி சுதா புது வீடு வாங்கியிருக்கிறாள். கிரகப்பிரவேசத்துக்காக டல்லாஸ் பக்கத்து இர்விங்கிலிருந்து நானும் முரளியும் ஃபிளைட் பிடித்துப் போயிருந்தோம். ஐயர் ஹோமத்தை முடித்துவிட்டு டிரைவ்வேக்கு வந்தார். ஒரு வெண்பூசணிக்காயின் தலையில் சதுரமாக ஓட்டை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டினார். சுதாவின் வீட்டுக்காரர் அதைத் தலைக்கு மேல் தூக்கினார். எதிர்வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா நாயைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

காய் சிமென்ட் தரையில் விழுந்து உடைந்தது. சிவப்பு நாலா பக்கமும் தெறித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் நின்றிருந்த முரளியைக் காணோம்.

தேடிக்கொண்டு போனால், தெருமுனையில் வாடகைக் காருக்குள் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, சீட் பெல்ட்டும் போட்டிருந்தான். கார் எங்கேயும் போகவில்லை.

"என்னடி, உன் ஆளுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் சுதா.

"ஜெட் லாக்" என்றேன். டல்லாஸிலிருந்து சான் ஹோசேக்கு என்ன ஜெட் லாக் வரும்! வாயில் வந்ததைச் சொன்னேன். சுதா அந்தக் காலத்தில் நியூ ஜெர்சியில் இருந்தாள். எங்கள் கதை அவளுக்குத் தெரியாது.

போன வாரம் டெக்ஸாஸ் வெயிலைத் திட்டித் தீர்த்தேன், நீங்களும் சிரித்தீர்கள். இந்த வாரம் சிரிப்பு வராது, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். புரட்டிவிட்டு ராசிபலன் பக்கம் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கட்டின புருஷனை அவன் இவன் என்கிறாளே என்று சில பேருக்குச் சுருக்கென்று இருக்கும். நானும் முரளியும் கோயம்புத்தூரில் ஒரே காலேஜ், ஒரே க்ளாஸ், ரெண்டு பேரும் சிவில். லேபில் மண்ணைச் சலித்துச் சலித்தே காதலித்தோம். அவனை 'அவர்' என்று எழுதினால் எனக்கே யாரைச் சொல்கிறேன் என்று சந்தேகம் வந்துவிடும்.

மலைக்குப் பின்னால்

கல்யாணமாகி நாங்கள் முதலில் குடியிருந்தது இதே சான் ஹோசேக்குப் பக்கத்து மில்பிடாஸில், ஒரு மாடி அபார்ட்மென்ட். கிழக்கே பார்த்தால் மலை. வெயில் காலத்தில் காய்ந்த புல்லாக மஞ்சளாக நிற்கும், மழைக்கு அப்புறம் கொஞ்ச நாள் பச்சையாகும். அந்தப் பக்கத்து மலைகளுக்குப் பின்னால் ஓர் அணை இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்த அணையோடு எனக்கு இருக்கிற வழக்கு ஊர் வழக்கு இல்லை, வீட்டு வழக்கு.

பழைய அணை பூகம்பத்துக்குத் தாங்காது என்று கண்டுபிடித்து, பக்கத்திலேயே புதுசாக ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். முரளிக்கு அங்கேதான் வேலை. அணைக்கு நடுவில் களிமண்ணால் ஒரு சுவர் எழும்பும். தண்ணீரை நிறுத்துவது அதுதான். அந்தக் களிமண்ணில் வேண்டாதது எதுவும் கலக்காமல் பார்த்துக்கொள்வது முரளியின் பொறுப்பு. ஒரு புல்வேர் கிடந்தாலும் குனிந்து பொறுக்கிவிடுவான். வேர் அழுகும், அழுகின இடத்தில் ஓட்டை விழும், ஓட்டைக்குள் தண்ணீர் புகும். அப்புறம் கீழே இருக்கிற ஊருக்கெல்லாம் கஷ்டம்தான்.

எனக்கும் அதே படிப்பு. ஆனால் எனக்கு ஹெச்-ஃபோர் விசா, வேலை பார்க்கக் கூடாது. சாயந்தரம் அவன் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வருகிற களிமண்ணைச் சுரண்டி, விரலில் உருட்டிப் பார்ப்பதோடு என் இன்ஜினியரிங் முடிந்தது. எரிச்சலாகத்தான் இருக்கும்.

சரிந்த கதை

முரளிக்குப் புது அணையை விடப் பழைய அணை மேல்தான் பைத்தியம். இருபதாம் நூற்றாண்டு தொடங்கின சமயத்தில் கட்டினது. உலகத்திலேயே உயரமான மண் அணை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். அப்போது எடுத்த ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவை எங்கிருந்தோ பிரின்ட் போட்டு, எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டினான். தொப்பி வைத்த ஆட்கள், கோவேறு கழுதைகள் பூட்டின வண்டிகள், மரச்சாரம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சேற்றுமலை.

கட்டின விதம் விநோதம். மலையை வெட்டி மண்ணைச் சுமந்துகொண்டு வருவதற்குப் பதிலாக, பெரிய குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மலையைக் கரைத்திருக்கிறார்கள். அந்தச் சேறு மரக்கால்வாய் வழியாக ஓடி வந்து அணையின் ரெண்டு ஓரத்திலும் விழும். சரளையும் மணலும் ஓரத்திலேயே தங்கிவிடும். மாவு மாதிரி இருக்கிற களிமண் மட்டும் நடுவில் இருக்கிற குட்டைக்குப் போய் மெதுவாகப் படியும். அது இறுகுவதற்கு நாள் கொடுக்க வேண்டும். உலக ரெக்கார்டு போடுகிற அவசரத்தில் யார் நாள் கொடுப்பார்கள்? உள்ளே கூழாக இருக்கும்போதே மேலே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் தண்ணீர்ப் பக்கத்துச் சரிவு அப்படியே நழுவி ஏரிக்குள் போய்விட்டது. தண்ணீர் திறந்துவிட உள்ளே எழுப்பியிருந்த கோபுரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. வருஷக்கணக்கில் பாடுபட்டது கண் எதிரிலேயே காணாமல் போயிற்று. அப்புறம் வாரி எடுத்து, திரும்பக் கட்டி, முடித்தார்கள். ஆசைப்பட்ட ரெக்கார்டும் கிடைத்தது. கொஞ்ச வருஷத்தில் வேறு யாரோ அதை விட உயரமாகக் கட்டிவிட்டார்கள், அது வேறு விஷயம்.

இந்தக் கதையை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வான். கடைசியில், "அவ்வளவு பெரிய சரிவுல ஒரு ஆள் கூட சாகலைங்க" என்று முடிப்பான். தானே காப்பாற்றின மாதிரி ஒரு பெருமை.

அம்மாவின் கேள்வி

எனக்கு முன்னாடி ரெண்டு தடவை மூணாம் மாசத்திலேயே கலைந்திருந்தது. இது மூணாவது. ஆறாம் மாசம் தாண்டியதும் பிரஷர் ஏற ஆரம்பித்தது. "படுத்தே இரு" என்றார் டாக்டர். பிரசவத்துக்கு வருவதாக இருந்த அம்மா டிக்கெட்டை மாற்றிக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டாள்.

அம்மாவுக்கு மேட்டூர். அணைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அதுவும் கட்டி முடித்த காலத்தில் உலகத்துப் பெரிய அணைகளில் ஒன்று என்று பெயர் வாங்கினதுதான். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அணை தலைவிதி போல.

வந்த மறுநாள், சாப்பாட்டு மேஜையில் சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டே போட்டோவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங் மாப்ளே, இந்தப் படத்துல இருக்கறவங்க எல்லாம் ஆருங்க?"

"பழைய அணை கட்டினவங்க அத்தை. அப்ப உலகத்துலயே உயரமான மண் அணை. நம்ம மேட்டூருக்கெல்லாம் முன்னாடி" என்றான் முரளி. கதையைத் தொடங்க அவனுக்கு இது போதும்.

"கட்டறப்போ எத்தனை பேருங்க செத்தாங்க?"

நல்ல கேள்வி கேட்டுவிட்டாள் என்று அவனுக்கு ஏக குஷி. "பாதி அணை சரிஞ்சு விழுந்துச்சு அத்தை. அதுல கூட ஒரு ஆள் சாகலை. தேடித் தேடிப் படிச்சிருக்கேன்."

அம்மா உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள்.

"அதான் சரிஞ்சிருக்குது" என்றாள்.

"என்ன சொல்றீங்க அத்தை?"

"ஒரு உசுரு வாங்காம எந்த அணைங்க நின்னிருக்குது? இது இன்னும் வாங்கலையாட்ட இருக்குது."

"அம்மா!" என்று சோபாவில் படுத்தபடியே கத்தினேன். "வயித்துல பிள்ளையோட படுத்திருக்கேன், பேசற பேச்சா இது?"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, தெரியாம வாயில வந்துருச்சு கண்ணு. எங்கம்மா சொல்லுவாங்க, அதைச் சொன்னேன். உட்டுத் தள்ளு."

மேட்டூர் அணை கட்டினபோது எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் விளக்கு வைத்த பிறகு பிள்ளைகளை வெளியே விட மாட்டார்களாம். சாக்கோடு பிள்ளை பிடிக்கிறவன் வருவான், அணைக்கு அடியில் புதைத்துவிடுவான் என்று பயம். எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை. ஆனாலும் பயம் மட்டும் அம்மாவுக்கு அம்மாவிடமிருந்து வந்து, மில்பிடாஸ் வரைக்கும் விமானம் ஏறி வந்துவிட்டது. பாலம் கட்டினாலும், அணை கட்டினாலும், நம் ஊரில் இந்தப் பேச்சு எழாமல் இருக்காது.

முரளி விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தை, இங்க விரல்ல சிராய்ப்பு பட்டாலே ஒரு மீட்டிங் போடுவாங்க. உசுரா, நீங்க வேற!"

சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

லாரி கவிழ்ந்தது

அணை வேலை நடக்கிற இடத்து வாசலில் ஒரு பலகை இருக்கும். விபத்து இல்லாமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று தினமும் எண்ணை மாற்றுவார்கள். முன்பெல்லாம் முரளி அந்த எண்ணைப் பெருமையாக வந்து சொல்வான்.

அம்மா வந்து கொஞ்ச நாளில், மண் ஏற்றின ராட்சச லாரி ஒன்று சரிவில் குப்புறக் கவிழ்ந்தது. டிரைவர் ஜன்னல் வழியாக ஏறி வெளியே வந்து, தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டாராம். எல்லோரும் கை தட்டினார்களாம். மறுநாள் சூப்பர்வைசர் பெட்டி பெட்டியாக டோநட் வாங்கிக் கொடுத்தார்.

முரளி இதைச் சொல்லும்போது முகத்தில் சந்தோஷமே இல்லை.

"எப்படித் தப்பிச்சார்னே தெரியலை பானு."

"நல்லதுதானே?"

"இல்ல, எப்படித் தப்பிச்சார்?" என்றான் திரும்பவும். சாப்பிடாமல் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அப்புறம் ஒரு கல் உருண்டு வந்து, சாப்பிட்டு எழுந்து போனவர்களின் பெஞ்சை நொறுக்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிரேன் கம்பி அறுந்தது. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. இங்கே என் பிரஷரும் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். குழந்தை இருக்க வேண்டிய எடைக்கு இல்லை என்றார்.

ரெண்டையும் அவன் மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டான். அங்கே ஒவ்வொருத்தரும் தப்பிக்கும்போதும் இங்கே என் வயிற்றைப் பார்ப்பான். நான் அதை அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயமே வேறு என்பது அவன் வாயாலேயே பிற்பாடு வெளியே வந்தது. படித்த படிப்பு ஒரு பக்கம், ரெண்டு தடவை பறிகொடுத்தவன் பயம் ஒரு பக்கம். எது ஜெயிக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மோர்க்குழம்புக்கு வாங்கினது

ஒரு காலை அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

"கண்ணு, சன்னிவேல் கடையில குட்டிப் பூசணிக்காய் ஒண்ணு வாங்கினோமே, அதைக் காணோம்."

"நல்லாப் பாரும்மா, பின்னாடி இருக்கும்."

"நல்லாப் பார்த்துட்டேன். இன்னிக்கு மோர்க்குழம்பு வெக்கலாம்னு இருந்தேன். காய்க்குக் கால் முளைச்சுப் போயிருச்சாட்ட இருக்குது."

ரெண்டு பேரும் சிரித்தோம். அம்மா கத்திரிக்காயை எடுத்து நறுக்கினாள். சாமி மேடையில் குங்குமப் பாக்கெட் காலியாகக் கிடந்ததையும் பார்த்திருக்கிறாள், ஆனால் என்னிடம் சொல்லவில்லை.

உச்சி வெயிலுக்கு முன்னாடியே வாசலில் சாவி சத்தம் கேட்டது. முரளி. அந்த நேரத்துக்கு அவன் வந்ததே கிடையாது. பூட்ஸ் பூராவும் களிமண். கழற்றாமல் கார்ப்பெட்டிலேயே நடந்து வந்து என் காலடியில் உட்கார்ந்தான்.

"வேலை போயிடுச்சு பானு."

சிவப்பு

விடிந்தும் விடியாமல், ஆட்கள் வருவதற்கு முன்னாடி, காய்க்குள் குங்குமத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மலைப்பாறையும் களிமண்ணும் சேருகிற ஓரத்தில் மண்வெட்டியால் பள்ளம் பறித்து, காயை வைத்து, மூடிவிட்டான். வேண்டிக்கொண்டானாம். சாமி கும்பிடத் தெரியாதவன் என்ன வேண்டிக்கொண்டிருப்பான் பாவம். "இதை எடுத்துக்க, அதை விட்டுடு" என்று சொன்னானாம், அவ்வளவுதான்.

வேலை தொடங்கினதும் அந்த இடத்துக்கு ரோலர் வந்தது. உருளை முழுக்கக் குத்துக்குத்தாக இரும்புக் கால் வைத்த ரோலர். சிவில் படித்தவர்கள் ஆட்டுக்கால் ரோலர் என்போம். அதை ஓட்டுகிறவர் ரிக்கார்டோ என்று ஒரு மெக்சிகன் பெரியவர். முரளிக்கு நல்ல பழக்கம், எனக்குப் பிரசவத்துக்கு முன்னாடியே குட்டிச் சாக்ஸ் கொடுத்து அனுப்பினவர். ஒரு தடவை போய்விட்டுத் திரும்புகிறார். உருளையின் இரும்புக் காலெல்லாம் சிவப்பு. மண்ணிலிருந்து சிவப்பாக ஒழுகுகிறது.

ஆளை ஏற்றிவிட்டோம் என்றே நினைத்துவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து, மண்ணில் முட்டி போட்டு, கையாலேயே தோண்ட ஆரம்பித்தாராம். விசில் ஊதி வேலை பூராவையும் நிறுத்தினார்கள். தவளை, பல்லி எதுவும் சாகாமல் பார்த்துக்கொள்ள அங்கே ஓர் அம்மணி வேலைக்கு இருப்பார். அவரும் ஏதோ பிராணி என்று ஓடி வந்தார். எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துத் தலை எண்ணினார்கள். ஆள் குறையவில்லை. ரிக்கார்டோ மட்டும் தோண்டுவதை நிறுத்தவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே தோண்டினார்.

"என்னால அதைப் பார்க்க முடியலை பானு. அவர் கையில விதை விதையா வருது, அப்பவும் அவருக்குப் புரியலை. நான்தான் போய், இது பூசணிக்காய், நான்தான் வெச்சேன்னு சொன்னேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெரியவர் அழுததற்காகப் போய் ஒத்துக்கொண்டான். அவன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் கரைந்துவிடும்.

"களிமண்ணுக்குள்ள என்ன இருக்கக் கூடாதுன்னு பார்க்கறதுக்குத்தான் உனக்குச் சம்பளம்" என்றாராம் மேலதிகாரி. கத்தவில்லையாம், வருத்தமாகச் சொன்னாராம். நியாயம்தானே.

கிளம்புவதற்கு முன் திரும்பிப் பார்த்திருக்கிறான். காய் இருந்த இடத்தைச் சுற்றி அகலமாக வெட்டி, சிவப்பு மண் துளி விடாமல் அள்ளி, லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"வெச்சதை எடுத்துட்டாங்க பானு" என்றான்.

அடுப்பங்கரை வாசலில் நின்ற அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "நீ படிச்சவன்தானே முரளி? உனக்கு மூளை இருக்கா இல்லையா? வேலை போனா விசா போச்சு, இன்ஷூரன்ஸ் போச்சு. பிள்ளையை எங்க பெத்துக்கறது, ரோட்டுலயா?" பிரஷர் மெஷினைக் கட்டிக்கொண்டே கத்தினேன். அவன் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜன்னல் பக்கம்

கொஞ்ச வாரத்தில் ஒரு மத்தியானம் வயிறு கல்லாக இறுகியது. வலி நிற்கவே இல்லை. அம்மா என்னைத் தாங்கிப் பிடிக்க, முரளி கார் ஓட்டினான். ஃப்ரீவேயில் எல்லா விளக்கும் பளபளவென்று எரிந்த மாதிரி எனக்குத் தெரிந்தது, பட்டப்பகலில்.

பிரஷர் ஏறினதில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையை விட்டுப் பிரிந்துவிட்டது. டாக்டர் படம் போட்டு விளக்கினார். சில சமயம் இப்படி ஆகிவிடும், யார் தப்பும் இல்லை என்றார். பெண் குழந்தை. சத்தமில்லாமல் பிறந்தாள்.

நர்ஸ் அவளைத் துடைத்து, குல்லா போட்டு, துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். விரலில் நகம் இருந்தது. கழுத்தில் ஒரு மடிப்பு இருந்தது. அம்மா ஒரு தடவை நெற்றியைத் தொட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

முரளி ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பார்க்கறியா?" என்றேன்.

தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. இன்னொரு தடவை கேட்டேன். திரும்பவே இல்லை. நர்ஸ் வந்து வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் அவன் முதுகைத்தான் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகும்போது காரில் சொன்னான். "வெச்சதை எடுத்துட்டாங்கல்ல. அதான் அது இதை எடுத்துக்கிச்சு."

பின் சீட்டில் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஊருக்குத் திரும்புகிற அன்றைக்கு ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வாயை மூடிக்கிட்டு வெங்காயத்தை உரிச்சிருக்கலாம் கண்ணு" என்றாள். இன்றைக்கும் போனில், "மாப்ளை சாப்பிட்டாருங்களா?" என்றுதான் தொடங்குவாள். அவரிடம் கொடு என்று கேட்க மாட்டாள்.

முரளிக்கு இர்விங்கில் வேலை கிடைத்தது. வீட்டு மனைகளுக்கு மழைத்தண்ணீர் வடிகால் போடுகிற வேலை. க்ரீன் கார்டு வந்து நானும் வேலைக்குப் போகிறேன். வேறு குழந்தை இல்லை. அணை போட்டோவை இந்த வீட்டில் அவன் மாட்டவில்லை.

ஆரம்பத்தில் இதை வைத்து நிறையச் சண்டை போட்டேன். டாக்டர் போட்ட படத்தை நானே போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொள்வான், தலையாட்டுவான், ஆனால் உள்ளே ஒன்றும் போகாது. அவனைப் பொறுத்தவரை அவள் அணைக்குப் போனவள். நான் சுமந்த பெண்ணை, நான் மட்டும் பார்த்த பெண்ணை, அந்தச் சேற்றுக்குத் தாரை வார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அவள் திரும்ப வேண்டும். உயிரோடு கேட்கவில்லை. அவள் எங்கள் பெண், அவ்வளவுதான் என்று அவன் வாயால் வர வேண்டும். இத்தனை வருஷமாக எனக்கு வேறு ஆசையே கிடையாது.

பலகை

சுதா வீட்டில் இலை போட்டுவிட்டார்கள். நான் தட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன். முரளி சாப்பிட்டான். வடையைப் பிட்டுக்கொண்டே கேட்டான்.

"அணையைப் பார்த்துட்டுப் போலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரி என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

மலைப்பாதை வளைந்து வளைந்து போனது. நல்ல வெயில். புல் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. சைக்கிள்காரர்கள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பார்க்கிற இடம் ஒன்று வைத்திருக்கிறார்கள், அங்கே நிறுத்தினேன்.

புது அணை கல்லடுக்கோடு அகலமாக, சாதுவாக நின்றது. ஏரி நிறைந்திருந்தது. பழைய அணையில் மிச்சம் விட்டதெல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. இவ்வளவு தண்ணீரை அங்கே நான் பார்த்ததில்லை. அழகாகத்தான் இருந்தது, அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஒரு தகவல் பலகை. மேலே, எங்கள் வீட்டில் மாட்டியிருந்த அதே போட்டோ. தொப்பிக்காரர்கள், கோவேறு கழுதைகள், சேற்றுமலை. முடித்த காலத்தில் உலகத்திலேயே உயரமான மண் அணை என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே புது அணையைப் பற்றி. எவ்வளவு மண், எவ்வளவு கல், எத்தனை வருஷம். கடைசி வரியில், இத்தனை பெரிய வேலையில் ஓர் உயிர் கூடப் போகவில்லை என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

முரளி அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அதன் மேல் விரலை வைத்தான்.

"ஒண்ணு குறையுது" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "கையை எடு முரளி. அவ இந்தப் பலகைக்கு வர வேண்டியவ இல்லை. பிரஷர் ஏறி, நஞ்சுக்கொடி பிரிஞ்சு, என் வயித்துக்குள்ளயே செத்துப் போனா. இந்த மண்ணுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பூசணிக்காயை வெச்சதாலயும் இல்லை, எடுத்ததாலயும் இல்லை."

அவன் கையை எடுத்தான். அணையைப் பார்த்தான், அதற்குக் கீழே பள்ளத்தாக்கு இறங்கிப் போகிற பக்கம் பார்த்தான். ஊர்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

"அப்ப அவ சும்மாவே போயிட்டாளா பானு?"

இத்தனை வருஷச் சண்டையில் இதை அவன் கேட்டதே இல்லை. எதற்காக அந்தப் பொய்யை அப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அணை நிற்கிறது, அதனால் அவளும் எதற்கோ ஆனாள் என்று அவனுக்கு இருந்திருக்கிறது. பாவி, இத்தனை வருஷமாக இதை வைத்துக்கொண்டா தூங்கினான்?

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"ஆமா முரளி. சும்மாதான் போனா" என்றேன்.

அவன் முகம் கோணியது. பலகைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆஸ்பத்திரியில் அழாதவன், வேலை போனபோது அழாதவன், சத்தம் போட்டு அழுதான். ஒரு சைக்கிள்கார அம்மா நின்று, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவன் குடிக்கவில்லை.

ஃபிளைட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. வெயில் முதுகில் சுட்டது.

ரொம்ப நேரம் கழித்து, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"நம்ம பொண்ணு எப்படிடி இருந்தா?"

"மூக்கு உன்னோடது" என்றேன்.